உயர் அழுத்த மின்கம்பி அருகே வீடு: குழந்தைக்குப் புற்றுநோய் வருமா?

கேள்வி:

டாக்டர், திருப்பூருக்கு வெளியே ஒரு புது லேஅவுட்டில் சைட் வாங்கி, பேங்க் கடன் போட்டு வீடு கட்டினோம். குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி 110 கே.வி. டவர் லைன் போகிறது. தெருமுனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கிறது. மகளுக்கு நாலு வயது. நான் இப்போது ஐந்து மாத கர்ப்பம். போன மாதம் அடுத்த தெருவில் ஐந்து வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து லேஅவுட் முழுக்க இதே பேச்சுதான். “டவர் லைன் பக்கத்தில் வீடு வேண்டாம் என்று அப்போதே சொன்னோமே” என்று அந்தப் பையனின் அம்மாவை அவர் மாமியார் வீட்டில் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமே மின்கம்பியைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்றும், 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டினால் ஆபத்து என்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. போனில் ஒரு ஆப் இறக்கிப் படுக்கையறையில் வைத்துப் பார்த்தேன். 44 காட்டுகிறது. நூறு மடங்கு! அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். இப்போது கேட்கிற விலைக்குக் கொடுத்தால் கடன்கூட அடையாது. லைனுக்கு அடியில் இருக்கிற காலி இடத்தில்தான் பிள்ளைகள் எல்லாம் விளையாடுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நீங்கள் தேடுகிற பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் தூரத்தில் 110 கே.வி. லைன் இருப்பதற்காக வீட்டை விற்க வேண்டியதில்லை. மகளுக்கோ வயிற்றில் இருக்கும் குழந்தைக்கோ அந்த லைனால் ரத்தப் புற்றுநோய் வரும் என்று நம்புவதற்கு இன்றைக்கு ஆதாரம் இல்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் “ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்” என்று ஒரே வரியில் முடித்தால் அடுத்த வாட்ஸ்அப் செய்தி வந்ததும் பயம் திரும்ப வந்துவிடும். அந்த 0.4 என்ற எண்ணுக்கு உண்மையான ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் உங்களுக்கு நிம்மதி நிலைக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த 44-ஐ முதலில் பார்ப்போம். போனுக்குள் இருப்பது திசைகாட்டிக்கான காந்த உணரி. அது அளப்பது பூமியின் காந்தப்புலத்தை. நம் பகுதியில் அது ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு இது). மின்கம்பியே எட்டிப் பார்க்காத ஒரு காட்டுக்குள் போய் நின்றாலும் அந்த ஆப் நாற்பதையொட்டித்தான் காட்டும். பக்கத்தில் இரும்புக் கட்டிலோ பீரோவோ இருந்தால், தூணுக்குள் கம்பி இருந்தால், எண் கூடும் குறையும். பூமியின் புலம் நிலையானது. மின்கம்பியிலிருந்து வருவது விநாடிக்கு 50 சுற்று (50 ஹெர்ட்ஸ்) என்று திசை மாறி மாறி வரும் புலம். ஆய்வுகள் பேசும் 0.4 இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. அதை அளக்க காஸ்மீட்டர் என்ற தனிக் கருவி வேண்டும். உங்கள் படுக்கையறையில் நீங்கள் பார்த்தது பூமியைத்தான். அந்த ஆப்பை அழித்துவிடுங்கள்.

மின்கம்பியைச் சுற்றி இரண்டு புலங்கள் உண்டு. ஒன்று மின்புலம். அது வோல்டேஜைப் பொறுத்தது. சுவர், மரம், கூரை எல்லாம் அதைத் தடுத்துவிடும். மழை, பனி நேரத்தில் டவர் பக்கம் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும் சத்தம் அந்த உயர் வோல்டேஜால் வருவது. கேட்பவர்களுக்குப் பயமாக இருக்கும், ஆனால் புற்றுநோய்ப் பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்னொன்று காந்தப்புலம். இது சுவரைத் தாண்டி வரும். ஆய்வாளர்கள் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். இதைத் தீர்மானிப்பது வோல்டேஜ் அல்ல, கம்பியில் ஓடுகிற ஆம்பியர். அதனால் சாயங்காலம் லோடு ஏறும்போது கூடும், நள்ளிரவில் குறையும். மூன்று ஃபேஸ் கம்பிகளின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு சமன் செய்துகொள்வதால், விலகிப் போகப் போக இது வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். 60 மீட்டரில், 110 கே.வி. லைனிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் 0.1 மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழேதான் இருக்கும். உங்கள் வீட்டு வயரிங்கும் சாமான்களும் உண்டாக்குகிற புலத்துக்குள் அது கரைந்துபோகும். ஹேர் டிரையரைத் தலைக்கு 3 சென்டிமீட்டரில் பிடித்தால் 6 முதல் 2000 மைக்ரோடெஸ்லா வரை வரும் என்பது உலக சுகாதார நிறுவனம் கொடுக்கும் அளவு. அதுவே ஒரு மீட்டர் தள்ளினால் 0.03-க்கு மேல் போகாது. அவ்வளவு வேகமாக விழும்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் விஷயமும் இதே போலத்தான். சில மீட்டர் தள்ளினாலே அதன் புலம் தேய்ந்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சில அடுக்குமாடிக் கட்டடங்களில் டிரான்ஸ்ஃபார்மர் அறையைத் தரைத்தளத்தில் வைத்து, நேர் மேலே ஒரு வீட்டைக் கட்டிவிடுகிறார்கள். அந்த வீட்டில் 0.4-ஐத் தாண்டலாம். அப்படிப்பட்ட ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் வேறு ஃபிளாட் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சரி, இந்தப் பயம் எங்கே தொடங்கியது? அமெரிக்காவின் டென்வர் நகரில். நான்சி வெர்த்தைமர் என்ற ஆய்வாளர், புற்றுநோயால் இறந்த குழந்தைகள் வாழ்ந்த வீடுகளைத் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தார். அந்த வீடுகளுக்குப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் தடித்த மின்கம்பிகளும் அதிகம் தென்படுவதாக அவருக்குத் தோன்றியது. எட் லீப்பர் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து 1979-இல் ஆய்வை வெளியிட்டார். அதிக மின்னோட்டம் போகும் கம்பிகளுக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகளிடம் புற்றுநோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்றது அது. ஆனால் வீட்டுக்குள் போய் யாரும் புலத்தை அளக்கவில்லை. வெளியே கம்பி எவ்வளவு தடிமன், எவ்வளவு தூரம் என்பதை வைத்து வீடுகளைத் தரம் பிரித்தார்கள். எந்த வீடு நோய்க் குழந்தையின் வீடு என்பதும் பார்ப்பவருக்குத் தெரிந்தே இருந்தது. குறைகள் இருந்தாலும் அந்தக் கேள்வி நேர்மையானது. அதை யாரும் ஒதுக்கித் தள்ளவில்லை. அடுத்த இருபது வருடங்கள் பல நாடுகளில் இதற்காகப் பெரும் உழைப்பு போனது.

சுவீடனில் 220, 400 கே.வி. லைன்களிலிருந்து 300 மீட்டருக்குள் வாழ்ந்தவர்களை எடுத்து, அந்தந்த ஆண்டில் லைனில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்ற பழைய பதிவுகளிலிருந்து புலத்தைக் கணக்கிட்டார்கள். 1993-இல் வந்த அந்த முடிவு ரத்தப் புற்றுநோய் அதிகம் என்று காட்டியது. ஆனால் அதிகப் புலத்தில் இருந்த நோயுற்ற குழந்தைகள் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தார்கள். 1997-இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு வந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த 638 குழந்தைகள், வராத 620 குழந்தைகள், வீட்டுக்குள்ளேயே அளவீடு. குறிப்பிடும்படி தொடர்பு எதுவும் தெரியவில்லை. இப்படி ஆய்வுக்கு ஆய்வு மாறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் 2000-இல் ஆண்டர்ஸ் ஆல்பம் தலைமையில் ஒன்பது ஆய்வுகளின் மூலத் தரவை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். உங்கள் 0.4 பிறந்தது இங்கேதான். ரத்தப் புற்றுநோய் வந்த 3,247 குழந்தைகள் அதில் இருந்தார்கள். வீட்டில் சராசரிப் புலம் 0.4-க்குக் கீழே இருந்தவர்களிடம் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஆய்வில் இருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 99-க்கு மேல் இந்தக் கூட்டம்தான். 0.4-க்கு மேல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களிடம் ரத்தப் புற்றுநோய் சுமார் இரண்டு மடங்கு. இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் காரணம் தெரியவில்லை, ஆய்வுக்குக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த முறையில் இருந்த சாய்வு இதில் ஒரு பகுதிக்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த 0.4 என்பது மீட்டரைக் கம்பிக்கு அடியில் பிடித்த கணத்தில் வரும் எண் அல்ல. குழந்தை நாள் முழுக்க, மாதக்கணக்கில் வாழும் வீட்டின் சராசரி அளவு. லைனுக்குக் கீழே அரை மணி நேரம் பந்து விளையாடுவதை அதோடு ஒப்பிட முடியாது.

அந்தச் ‘சாய்வு’ என்ன என்பதை விளக்க வேண்டும். நோய் வந்த குழந்தையின் பெற்றோர், வீட்டுக்கு வந்து அளக்கிறோம் என்றால் கதவைத் திறந்துவிடுவார்கள். அவர்களுக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். நோய் வராத குழந்தையின் வீட்டில் அந்தத் தவிப்பு இல்லை. அங்கே சம்மதிப்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள, படித்த, ஒரே வீட்டில் நீண்ட நாள் இருக்கும் குடும்பங்கள். வாடகைக்கு மாறி மாறிப் போகும் ஏழைக் குடும்பங்கள் கைவிட்டுப் போகும். மின்கம்பிக்கு அருகே, வாடகை குறைந்த இடங்களில் அதிகம் இருப்பவர்களோ அவர்கள்தான். ஆக, ஒப்பிட எடுத்த ஆரோக்கியமான கூட்டத்தில் கம்பிக்கு அருகே வாழ்பவர்கள் இயல்பைவிடக் குறைந்துபோவார்கள். கம்பிக்கு ஒரு பழி இல்லாமலேயே கணக்கில் பழி வந்துவிடும். சுவீடன் போலப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளுக்கு இந்தக் குறை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் விஷயம் அப்போதே முடிந்துவிடவில்லை.

என் மனதில் அதிகம் பதிந்தது பிரிட்டன் ஆய்வுதான். 2005-இல் ஜெரால்ட் டிரேப்பர் குழு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1962 முதல் 1995 வரை புற்றுநோய் வந்த 29,081 குழந்தைகளின் பிறந்த வீட்டு முகவரிகளை எடுத்து, பெரிய லைன்களிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டது. யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. 200 மீட்டருக்குள் பிறந்தவர்களிடம் ரத்தப் புற்றுநோய் சுமார் 70 சதவீதம் அதிகம். 200-க்கும் 600-க்கும் இடையில்கூட 20 சதவீதத்துக்கு மேல் அதிகம். உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் 600 மீட்டரில் எந்த லைனின் காந்தப்புலமும் எட்டாது. அங்கே கூடுதல் நோய் என்றால், காரணம் காந்தப்புலமாக இருக்க முடியாது. ஆய்வாளர்களே அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள்.

அதே குழுவினர் அங்கேயே நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2008 வரைக்குமான தரவைச் சேர்த்து, வோல்டேஜில் உங்கள் ஊர் லைனுக்கு நெருக்கமான 132 கே.வி. லைன்களையும் சேர்த்து, 53,515 குழந்தைகளை எடுத்து 2014-இல் மறுபடி வெளியிட்டார்கள். 1960-களில் 200 மீட்டருக்குள் தெரிந்த கூடுதல் ஆபத்து ஒவ்வொரு பத்தாண்டிலும் தேய்ந்துகொண்டே வந்து, 2000-களில் இல்லாமலே போயிருந்தது. இந்த நாற்பது வருடத்தில் இயற்பியல் மாறவில்லை. அப்போது ஒரு ஆம்பியர் உண்டாக்கிய புலத்தைத்தான் இப்போதும் உண்டாக்குகிறது. கம்பி நோயைத் தந்தது என்றால் இன்றும் தந்தாக வேண்டும். கம்பிக்கு அருகே யார் வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. 2022-இல் புதிய ஆய்வுகளை மட்டும் சேர்த்து, கிட்டத்தட்ட 25,000 நோயாளிக் குழந்தைகளை வைத்து வந்த கூட்டு அலசலும் இதையே சொன்னது. 0.4-க்கு மேல் இருந்தவர்களுக்கும் 0.1-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். ஆக, 0.4 என்ற எண்ணைத் தந்தது 2000-இல் வந்த கணக்கு. அதற்குப் பிறகு வந்ததை அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்லவே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் பற்றி. அதன் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001-இல் இந்தக் காந்தப்புலத்தை ‘2பி’ பிரிவில் வைத்தது உண்மை. புகையிலை, கதிரியக்கம் எல்லாம் இருப்பது பிரிவு 1-இல். அங்கே காரணம் உறுதியாகிவிட்டது. 2பி என்றால், மனிதர்களிடம் ஓரளவு ஆதாரம் தெரிகிறது, வேறு காரணத்தால் அப்படித் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை, அதனால் ‘இருக்கக்கூடும்’ என்று வைத்திருக்கிறோம் என்று பொருள். ஆசிய நாடுகளின் பாரம்பரியக் காய்கறி ஊறுகாய் வகைகளும் அதே பிரிவில் இருக்கின்றன. காந்தப்புலம் அந்தப் பிரிவில் வைக்கப்பட்டபோது எலிகளிடம் செய்த நீண்டகாலச் சோதனைகளில் ரத்தப் புற்றுநோய் தெளிவாக வரவில்லை. 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கு மரபணுவை உடைக்கும் சக்தியும் இல்லை. எப்படி நடக்கும் என்ற வழியே இதுவரை யாருக்கும் பிடிபடவில்லை. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. இந்தத் தொடர்பு உண்மையிலேயே காரணம்தான் என்று வைத்துக்கொண்டால்கூட, உலகம் முழுக்க ஆண்டுக்கு 100 முதல் 2,400 குழந்தைகளுக்கு அதனால் ரத்தப் புற்றுநோய் வரலாம், அதாவது மொத்தத்தில் ஐந்து சதவீதத்துக்குள் என்றது. மேற்கு நாடுகளின் கணக்கில் 15 வயதுக்குள் ரத்தப் புற்றுநோய் வருவது சுமார் 2,000 குழந்தைகளில் ஒருவருக்கு. இரண்டு மடங்கு என்ற பழைய மோசமான கணக்கே சரி என்றாலும், அந்த 0.4 வீட்டில் வளரும் 2,000 குழந்தைகளில் இருவர். உங்கள் வீடு அந்தப் பட்டியலிலும் இல்லை.

உண்மையான காரணம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1950-களில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் பிரிட்டனில், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு விசாரித்தார். கர்ப்பத்தில் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்தவர்களின் குழந்தைகளிடம் நோய் அதிகம் என்று தெரிந்தது. மருத்துவ உலகம் பல வருடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எத்தனை ஆய்வு செய்தாலும் அந்தத் தொடர்பு நிலைத்து நின்றது. எக்ஸ்ரே எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடியது. எப்படி நடக்கிறது என்பதும் புரிந்தது. கடைசியில் நடைமுறையே மாறி, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் என்றால் அல்ட்ராசவுண்ட் என்றாகிவிட்டது. மின்கம்பி விஷயத்தில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. ஆய்வுகள் பெரிதாகப் பெரிதாகத் தொடர்பு மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. உங்கள் கர்ப்பகாலத்துக்கு நான் தரும் அறிவுரையும் இதிலிருந்தே வருகிறது. எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுக்கச் சொன்னால் நீங்கள் கர்ப்பம் என்று முதலில் சொல்லுங்கள். அவசியம் என்று மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் புகை பிடிக்க வேண்டாம். மின்கம்பிக்காகக் கட்டிலை இடம் மாற்றவோ, ‘கதிர்வீச்சைத் தடுக்கும்’ திரை, கல், ஸ்டிக்கர் என்று விற்பதை வாங்கவோ வேண்டாம். காந்தப்புலத்தை அவை எதுவும் தடுக்காது.

வீட்டை என்ன செய்வது என்று மறுபடி கேட்பீர்கள். உங்கள் கணவருக்கு மனம் ஆறவில்லை என்றால் ஒரு காஸ்மீட்டரை வைத்து, குழந்தை தூங்கும் இடத்தில் ஒரு முழுநாள் அளந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரியின் மின்பொறியியல் துறையில் கேட்டால் யாராவது உதவலாம். அளவு 0.1, 0.2 என்று வந்தால் விஷயம் முடிந்தது. எதிர்பாராமல் கூட வந்தால் முதலில் லைனைச் சந்தேகப்படாதீர்கள். படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் மீட்டர் போர்டோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிலை ஒரு மீட்டர் நகர்த்தினாலே தீர்ந்துவிடும். கடன் தீராத வீட்டை நஷ்டத்துக்கு விற்று, வாடகை வீட்டில் பணக்கஷ்டத்தோடு ஒரு குழந்தையைப் பெற்று வளர்ப்பதுதான் உங்கள் குடும்பத்துக்கு நிச்சயமான தீங்கு. சைட் இன்னும் வாங்காதவர் யாராவது கேட்டால், நேர் கீழே வேண்டாம், கொஞ்சம் தள்ளி எடுங்கள் என்றுதான் சொல்வேன். காசு செலவாகாத எச்சரிக்கையில் தவறில்லை.

இப்போது அடுத்த தெருத் தாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த வரிதான். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லும் நாளில், “நான் என்ன தப்பு செய்தேன் டாக்டர்?” என்று கேட்காத தாயை நான் பார்த்ததில்லை. அவரிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். இந்த வயதுக் குழந்தைகளுக்கு அதிகம் வருவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற வகை ரத்தப் புற்றுநோய். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் அது உச்சம். டவர் லைன் பக்கத்திலேயே இல்லாத ஊர்களிலும் இந்த வயதில் இது வருகிறது. அதில் பல குழந்தைகளுக்கு முதல் மரபணு மாற்றம் கருவில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்துக் காகிதத்தில் வைத்திருந்த ரத்தத் துளிகளில், வருடங்கள் கழித்து நோய் வந்த குழந்தைகளின் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. பிறகு வேறு மாற்றங்களும் சேர வேண்டும். அந்தக் குடும்பம் உங்கள் லேஅவுட்டுக்கு வருவதற்கு முன்பே, பையன் பிறப்பதற்கு முன்பே இது தொடங்கியிருக்கலாம். வீடு வாங்கியதால் வரவில்லை. அவர் சாப்பிட்டதால் வரவில்லை. எந்தத் தாயும் தடுத்திருக்க முடியாது. இதை அவருடைய மாமியாரும் கேட்க வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரு முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் வாயிலிருந்து வந்தால் சில வீடுகளில் பேச்சு அடங்கும்.

அதைவிட முக்கியம், இந்த நோய் குணமாகக் கூடியது. வளர்ந்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் அளவுக்குப் பிழைக்கிறார்கள். நம் ஊரிலும் சிகிச்சையை முழுமையாகத் தொடரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் குணமாகிப் பள்ளிக்குப் போகிறார்கள். இரண்டரை, மூன்று வருடம் நீளும் சிகிச்சை இது. முதல் மாதத்திலேயே பையன் தெளிந்துவிடுவான். அங்கேதான் ஆபத்து. ‘சரியாகிவிட்டதே’ என்று நடுவில் நிறுத்திவிட்டு, நாட்டு மருந்துக்கோ பரிகாரத்துக்கோ போகும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். திரும்ப வரும்போது நோய் மருந்துக்கு அடங்குவதில்லை. பணம்தான் தடை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களில் இந்தச் சிகிச்சை உண்டு. இது தொற்றுநோய் அல்ல. பையனை ஒதுக்காதீர்கள். சளி, காய்ச்சல், அம்மை இருக்கும் பிள்ளைகள் மட்டும் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம், ஏனென்றால் மருந்து அவன் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கும்.

உங்கள் மகளுக்கு வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டாம். இந்த நோய் வாரக்கணக்கில் தலைகாட்டுவது, வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பதில் பயனில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது அறிகுறிகளைத்தான். காரணம் தெரியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகும் காய்ச்சல், முகம் வெளுத்துப் போவது, அடிபடாமலே தோன்றும் ரத்தக்கட்டுகள், ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், கழுத்திலும் அக்குளிலும் கட்டிகள், கால் வலிக்கிறது என்று நடக்க மறுப்பது. இவற்றில் எது நீடித்தாலும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சி.பி.சி. பரிசோதனையும் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். கால் வலியை மூட்டுவாதம் என்று எண்ணி, ரத்தம் பார்க்காமலே ஸ்டீராய்டு கொடுத்துவிடுவதுதான் என்னை மிகவும் வதைக்கும் விஷயம். ஸ்டீராய்டு ரத்தப் புற்றுநோய் அணுக்களைத் தற்காலிகமாக அடக்கும். நோய் மறைந்து, கண்டுபிடிப்பு தள்ளிப்போகும். ரத்தம் பார்க்காமல் ஸ்டீராய்டு வேண்டாம் என்று தயங்காமல் கேளுங்கள்.

செல்போன் டவரையும் மின்சார டவரையும் உங்கள் லேஅவுட்டில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது வேறு வகை அலை, வேறு ஆய்வுகள். இந்த 0.4-க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றி. லைனுக்கு அடியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தைப் பற்றித்தான் கவலை. புற்றுநோயால் அல்ல, ஷாக்கால். 110 கே.வி. கம்பியைத் தொடக்கூட வேண்டாம், கிட்டப் போனாலே மின்சாரம் தாவும். பட்டம் விடுவது, அதுவும் மாஞ்சா நூலில், அங்கே கூடவே கூடாது. இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு போவது, தொரட்டிக் கம்பியால் காய் பறிப்பது, கான்கிரீட் கம்பியை நிமிர்த்துவது, டவரில் ஏறுவது எல்லாமே உயிரை எடுக்கும். மழையிலும் இடியிலும் அங்கே நிற்க விடாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீட்டருக்கும் அப்பால் நின்று, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். தரையில் கிடக்கும் கம்பியைச் சுற்றி மண்ணிலேயே மின்சாரம் பரவியிருக்கும்.

110 கே.வி. லைனுக்கு 22 மீட்டர் அகலத்துக்குப் பாதை விட வேண்டும் என்பது நடைமுறை. கட்டடம் கம்பியிலிருந்து பக்கவாட்டில் 2.9 மீட்டரும் செங்குத்தாக 4.6 மீட்டரும் குறையாமல் விலகி இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. உங்கள் வீட்டுக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் லைனை ஒட்டிச் சைட் வாங்கியவர்கள் உங்கள் லேஅவுட்டில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் யாராவது மேலே ஒரு மாடி எடுக்கப் போகிறார்கள் என்றால், சாரம் கட்டுவதற்கு முன்பே மின்வாரியத்தின் உதவிப் பொறியாளரைக் கூட்டிவந்து தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். லேஅவுட் சங்கம் இருந்தால் பிள்ளைகளுக்கு வேறு ஒரு மைதானம் ஒதுக்கச் சொல்லி இந்த மாதக் கூட்டத்திலேயே பேசுங்கள். பொதுப் பயன்பாட்டுக்கு என்று லேஅவுட் வரைபடத்தில் விட்ட இடம் ஒன்று இருக்கும், அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.